அமெரிக்காவுல டிரக் கேஸ், கையில விசாவோ கிரீன் கார்டோ: எந்த வழி எங்க கொண்டுபோய் விடும்?

அமெரிக்க சிட்டிசன் ஒருத்தர் மேல சின்ன அளவு போதைப்பொருள் வச்சிருந்ததா கேஸ் வந்தா அவர் பாக்க வேண்டியது ஜெயில் எத்தனை நாள், ஃபைன் எவ்ளோ, ரெக்கார்டுல எவ்ளோ காலம் நிக்கும், அவ்ளோதான். அதே கேஸ் எச்1பி வேலை விசாவுல இருக்கறவர் மேலயோ, எஃப்1 விசாவுல படிக்கற ஸ்டூடண்ட் மேலயோ, இருபது வருஷமா கிரீன் கார்டு வச்சிருக்கறவர் மேலயோ வந்தா கணக்கே தலைகீழா ஆயிடுது. அரசு வக்கீலோட பேசி ஒரு நாள் கூட ஜெயில் இல்லாம முடியற டீல் நாட்டை விட்டே அனுப்பிடலாம், கொஞ்சம் கடுமையா தெரியற டீல் குடும்பத்தோட இங்கயே இருக்க வழி பண்ணிடலாம். கோர்ட்டுக்கு போற நம்ம ஆளுங்க நிறைய பேர் ஜெயிலுக்கு மட்டும்தான் பயப்படறாங்க, ஜெயில் இல்லன்னு சொன்ன உடனே கையெழுத்து போட்டுடறாங்க, அதான் எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு. அதனால முன்னாடி இருக்கற வழிகளை ஒண்ணோட ஒண்ணு வச்சு பாக்கலாம்னு எழுதறேன். இதை வச்சு நீங்களே முடிவு எடுத்துடாதீங்க, வக்கீல்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்க வச்சுக்கோங்க.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம், அப்பதான் மத்தது புரியும். ஃபெடரல், அதாவது மத்திய அரசோட, லிஸ்ட்ல இருக்கற போதைப்பொருள் சம்பந்தமா எந்த சட்டத்தை மீறி குற்றவாளின்னு தீர்ப்பு, அதாவது கன்விக்‌ஷன் ஆனாலும், அது சின்ன கேஸோ பெரிய கேஸோ, டிப்போர்ட் பண்ணலாம். ஒரே ஒரு விலக்குதான் இருக்கு, சொந்த உபயோகத்துக்கு 30 கிராம் அல்லது அதுக்குள்ள கஞ்சா வச்சிருந்த ஒரே ஒரு கேஸ். கொக்கைன், எக்ஸ்டசி, டாக்டர் சீட்டு இல்லாம ஃப்ரெண்டுகிட்ட வாங்கின ஒரு ஆட்ரால் (கவனக்குறைவுக்கு குடுக்கற) மாத்திரை, ஒரு ஜானாக்ஸ் (பதட்டத்துக்கு குடுக்கற) மாத்திரை, இதுக்கெல்லாம் அந்த விலக்கு கிடையாது. இன்னொண்ணு, 1996ல வந்த சட்டம் கன்விக்‌ஷன்ங்கறதுக்கு தனியா ஒரு அர்த்தம் வச்சிருக்கு. ஸ்டேட் கோர்ட் "இது கன்விக்‌ஷன் இல்ல"ன்னு சொன்னா கூட, நீங்க குற்றத்தை ஒத்துக்கிட்டோ, நோ கான்டெஸ்ட் (ஒத்துக்கவும் இல்ல, எதிர்க்கவும் இல்ல) சொல்லியோ, குற்றம்னு முடிவு பண்ண போதுமான விஷயங்களை ஒத்துக்கிட்டோ இருந்து, அதோட ஜட்ஜ் ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ போட்டிருந்தா இமிக்ரேஷன் கணக்குல அது கன்விக்‌ஷன்தான். ப்ரொபேஷன் (ஜெயிலுக்கு பதிலா வெளிய கண்காணிப்புல இருக்கறது) போதும், கம்யூனிட்டி சர்வீஸ் போதும்.

அதனால எந்த வழியை எடுத்து பாத்தாலும் நான் மூணு கேள்வி கேப்பேன். எங்கயாவது ஒத்துக்கறோமா? ஜட்ஜ் ஏதாவது கட்டுப்பாடு போடறாரா? கோர்ட் பேப்பர்ல போதைப்பொருளோட பேரு வருதா?

முதல் வழி, ரொம்ப பேர் எடுக்கறது, சீக்கிரம் ஒத்துக்கிட்டு முடிச்சுக்கறது. முதல் தடவை, ஜெயில் கிடையாது, ஆறு மாசமோ ஒரு வருஷமோ ப்ரொபேஷன், கொஞ்சம் ஃபைன், ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது, கேக்க எவ்ளோ நிம்மதியா இருக்கு. மூணு கேள்விக்குமே பதில் "ஆமா". செலவு கம்மி, நேரம் கம்மி, ஆனா சிட்டிசன் இல்லாதவருக்கு இருக்கறதுலயே மோசமான வழி இதுதான்னு நான் தயங்காம சொல்வேன். பிளீ, அதாவது குற்றத்தை ஒத்துக்கறீங்களா இல்லையாங்கற பதிலை, சொல்ற அன்னைக்கு கோர்ட்ல நடக்கறதை கவனிச்சு பாருங்க. ஜட்ஜ் ஒரு பேப்பரை பாத்து வேகமா படிப்பாரு, நீங்க சிட்டிசன் இல்லன்னா இந்த பிளீயால நாடு கடத்தப்படலாம், திரும்ப உள்ள வர முடியாம போகலாம், சிட்டிசன்ஷிப் மறுக்கப்படலாம், புரியுதான்னு கேப்பாரு, பக்கத்துல வக்கீல் தலையாட்டுவாரு, நீங்க "எஸ், யுவர் ஹானர்" சொல்லுவீங்க, அடுத்த ஆள் பேரை கூப்பிடுவாங்க. எல்லாருக்கும் படிக்கற ஒரே பேப்பர் அது. அதுல இருக்கற "படலாம்" உங்க கேஸ்ல "கண்டிப்பா நடக்கும்"னு இருக்கலாம், அதை உங்களுக்கு சொல்ல வேண்டியது ஜட்ஜ் இல்ல, உங்க வக்கீல்.

இதோட தம்பிதான் டெஃபர்டு அஜுடிகேஷன், டெக்ஸாஸ்ல ரொம்ப சகஜம். ஒத்துக்கணும், ஜட்ஜ் தீர்ப்பை தள்ளி வைப்பாரு, ப்ரொபேஷன் ஒழுங்கா முடிச்சா கேஸை மூடிடுவாங்க, கன்விக்‌ஷனே இல்லன்னு ஸ்டேட்ல சொல்லுவாங்க. ஆனா ஒத்துக்கிட்டாச்சு, கட்டுப்பாடும் போட்டாச்சு, அதனால இமிக்ரேஷனுக்கு இது கன்விக்‌ஷன்தான்னு குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1998லயே சொல்லிடுச்சு. ஃப்ளோரிடாவுல "வித்ஹோல்ட்"னு சொல்றதும் பிளீ சொல்லி ப்ரொபேஷன் வாங்கிட்டா இதே கதிதான். பின்னாடி ரெக்கார்டை எக்ஸ்பஞ்ச் பண்ணி அழிச்சுக்கலாம், சீல் பண்ணி மூடி வச்சுக்கலாம்னு யாராவது ஆறுதல் சொன்னா, அது வேலைக்கு அப்ளை பண்றப்ப வேணா உதவும், இமிக்ரேஷன் ஆபீசர் முன்னாடி உதவாது. கவர்னரோ ஜனாதிபதியோ குடுக்கற மன்னிப்பு கூட டிரக் விஷயத்துல முழுசா காப்பாத்தாது, மத்த சில குற்றங்களுக்கு முழு மன்னிப்பு கிடைச்சா டிப்போர்ட்டேஷன் போயிடும்னு சட்டத்துலயே இருக்கு, போதைப்பொருள் பிரிவுக்கு அந்த வரி இல்ல.

ரெண்டாவது வழி, டைவர்ஷன், அதாவது ஒரு ப்ரோக்ராமை முடிச்சா கேஸை தள்ளுபடி பண்ற ஏற்பாடு. பேரை வச்சு நம்பாதீங்க, உள்ள எப்படி அமைச்சிருக்காங்கன்னு பாருங்க. ஒத்துக்காமலே உள்ள போற டைவர்ஷன் தங்கம். கலிஃபோர்னியாவுல முன்னாடி குற்றத்தை ஒத்துக்கிட்டுதான் டிரக் டைவர்ஷன்ல சேர முடியும், அதால எத்தனையோ பேர் கேஸ் மூடினதுக்கு அப்புறமும் மாட்டினாங்க, அதனாலதான் 2018 ஜனவரி 1ல இருந்து அதை மாத்தி, "குற்றம் செய்யல"ன்னு பிளீ சொல்லிட்டே 12ல இருந்து 18 மாசம் ப்ரோக்ராம் முடிச்சா கேஸ் தள்ளுபடின்னு ஆக்கினாங்க. நியூயார்க்ல ஏசிடின்னு ஒண்ணு, பிளீ கிடையாது, குறிப்பிட்ட காலம் பிரச்னை இல்லாம இருந்தா கேஸ் போயிடும். இதெல்லாம் கிடைச்சா நான் சண்டை போடறதை விட இதைத்தான் முதல்ல பாக்கச் சொல்லுவேன்.

ஆனா இதுலயும் ஒரு குழி இருக்கு. 2017ல டெக்ஸாஸ்ல இருந்து போன ஒரு கேஸ்ல, ட்ரையலுக்கு முன்னாடி போட்ட டைவர்ஷன் ஒப்பந்தத்துலயே குற்றத்துக்கு போதுமான விஷயங்களை அவர் எழுத்துல ஒத்துக்கிட்டாரு, ஜட்ஜும் கம்யூனிட்டி சர்வீஸ், ஃபீஸ் எல்லாம் சேர்ந்த அந்த ஒப்பந்தத்துக்கு அனுமதி குடுத்தாரு, அதனால அதுவும் கன்விக்‌ஷன்தான்னு அதே வாரியம் சொல்லிடுச்சு. டிஏ (அரசு தரப்பு வக்கீல்) ஆபீஸ் குடுக்கற ஃபார்ம்ல "நான் இதை செஞ்சேன்"னு ஒரு பாரா இருக்கும், அதை எடுக்க முடியுமான்னு வக்கீலை பேச வைங்க, நிறைய இடத்துல பேசினா எடுப்பாங்க. சிகிச்சை ப்ரோக்ராம்ல சேரும்போது நடக்கற இன்டர்வியூலயும் கவனமா இருக்கணும், போதைக்கு அடிமைங்கறதே டிப்போர்ட் பண்ண தனியா ஒரு காரணமா சட்டத்துல இருக்கு, அங்க சொல்றது யார் கையில போகும்னு முதல்லயே கேட்டு வச்சுக்கணும். சிகிச்சை உண்மையிலயே தேவைப்படறவங்க கண்டிப்பா எடுங்க, பேப்பர் மட்டும் சரியா இருக்கட்டும்.

மூணாவது வழிதான் என்னை பொறுத்தவரை நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப குறைவா தெரிஞ்ச வழி, குற்றத்தை ஒத்துக்கறது ஆனா போதைப்பொருள் இல்லாத வேற குற்றமா ஒத்துக்கறது. அத்துமீறி நுழைஞ்சது, டிஸ்ஆர்டர்லி கான்டக்ட் (பொது இடத்துல ஒழுங்கீனமா நடந்துக்கறது) மாதிரி. சிட்டிசனுக்கு இந்த டீல் கிறுக்குத்தனமா தெரியும், ஏன்னா டிரக் சார்ஜ்ல ப்ரொபேஷனோட போயிருக்கலாம், இதுல கொஞ்ச நாள் ஜெயிலோ கூடுதல் ஃபைனோ கேப்பாங்க. ஆனா மூணாவது கேள்விக்கு பதில் "இல்ல"ன்னு ஆயிடுது பாருங்க, பேப்பர்ல போதைப்பொருளே வரல. டிஏவுக்கும் ஒரு கன்விக்‌ஷன் கிடைச்சுது. வக்கீல் இதை முறையா கேட்டா சில டிஏக்கள் ஒத்துக்குவாங்க, கலிஃபோர்னியாவுல இமிக்ரேஷன் பாதிப்பையும் பேரத்துல கணக்குல எடுக்கணும்னு சட்டமே சொல்லுது. மாத்தி எடுக்கற குற்றம் எதுன்னு பாக்கணும், திருட்டு, ஏமாத்து மாதிரி எடுத்தா அதுக்கு தனி இமிக்ரேஷன் தொல்லை, அதுல தண்டனை ஒரு வருஷத்தை தொட்டா இன்னும் பெரிய தொல்லை, 365 நாளுக்கும் 364 நாளுக்கும் நடுவுல ஒரு குடும்பத்தோட வாழ்க்கையே நிக்கறதுண்டு.

பேப்பர்ல என்ன எழுதியிருக்குங்கறது எவ்ளோ முக்கியம்னு காட்ட மெல்லூலி கேஸ் போதும். துனீசியாவுல இருந்து வந்தவர், கிரீன் கார்டு, கான்சஸ்ல பிடிச்சு ஜெயில்ல வச்சு சோதனை போட்டப்ப சாக்ஸுக்குள்ள நாலு மாத்திரை, ஆட்ரால். கடைசியில அவர் ஒத்துக்கிட்டது போதைப்பொருள் சாதனம் வச்சிருந்தேங்கற சின்ன குற்றத்தை, சாதனம்னு சொன்னது அந்த சாக்ஸை! சார்ஜ் பேப்பர்ல எந்த பொருள்னு எழுதவே இல்ல. கான்சஸ் லிஸ்ட்ல ஃபெடரல் லிஸ்ட்ல இல்லாத பொருளும் சிலது இருந்துச்சு. அதனால ஃபெடரல் பொருள்னு கன்விக்‌ஷன் காட்டல, டிப்போர்ட் பண்ணது தப்புன்னு 2015ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. மாத்திரை ஆட்ரால்தான்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா பேப்பர்ல இல்ல, அவ்ளோதான் விஷயம். அதனால டிரக் சார்ஜ்லயே ஒத்துக்க வேண்டிய நிலைமை வந்தாலும், பொருளோட பேரை எழுதாம வைக்க முடியுமா, கஞ்சா கேஸ்னா 30 கிராமுக்கு கீழ, சொந்த உபயோகம்னு தெளிவா எழுத வைக்க முடியுமான்னு வக்கீல் பாக்கணும். எழுத கூடாத இடத்துல எழுதாம இருக்கறதும் எழுத வேண்டிய இடத்துல எழுத வைக்கறதும், ரெண்டுமே டிஃபென்ஸ்தான்.

நாலாவது வழி, சண்டை. இதுல ட்ரையல் மட்டும் இல்ல, அதுக்கு முன்னாடி ஆதாரத்தை ஏத்துக்க கூடாதுன்னு போடற சப்ரஷன் மோஷன்தான் பல டிரக் கேஸ்ல உண்மையான போர்க்களம், போலீஸ் தேடினது சட்டப்படி இல்லன்னு ஜட்ஜ் சொல்லிட்டா ஆதாரம் வெளிய போயிடும், பெரும்பாலும் கேஸும் கூடவே போயிடும். கார்ல பிடிச்ச கேஸ்னா ஆபீசர் எதுக்கு நிறுத்தினார், டிக்கெட் எழுதி முடிச்ச அப்புறமும் மோப்ப நாய் வர்ற வரைக்கும் காக்க வச்சாரான்னு பாருங்க, நெப்ராஸ்காவுல ஏழெட்டு நிமிஷம் அப்படி நிறுத்தி வச்ச கேஸ்லதான் 2015ல சுப்ரீம் கோர்ட், சந்தேகத்துக்கு காரணம் இல்லாம அதை இழுக்க கூடாதுன்னு சொல்லுச்சு. போனை திறந்து பாத்தாங்கன்னா வாரன்ட் இருந்துச்சான்னு கேளுங்க, 2014ல இருந்து அது வேணும். "பாத்துக்கோங்க"ன்னு நீங்களே தலையாட்டியிருந்தா மட்டும் இந்த கதவு பாதி மூடினாப்ல, மரியாதைக்கு சரின்னு சொல்றது நம்ம பழக்கம், அந்த இடத்துல மரியாதையாவே "சம்மதம் இல்ல"ன்னு சொல்லலாம், அது உங்க உரிமை.

அடுத்து, யாரோடது? நாலு பேர் போற கார்ல பின் சீட்டுக்கு நடுவுல பொட்டலம் கிடந்துச்சு, யாரும் என்னுதுன்னு சொல்லலன்னா எல்லாரையும் கைது பண்ணலாம், மேரிலாண்ட்ல மூணு பேர் இருந்த கார்ல அப்படி பண்ணது செல்லும்னு 2003லயே தீர்ப்பு இருக்கு. ஆனா கைது பண்ண போதுமான காரணம் வேற, சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கறது வேற. உங்களுக்கு தெரியும், உங்க கட்டுப்பாட்டுல இருந்துச்சுன்னு அரசு தரப்பு காட்டணும். ரூம்மேட் சாமான்ல இருந்து எடுத்த கேஸும் இப்படித்தான். இங்கதான் ஃப்ரெண்டை காப்பாத்தறேன்னு பையன் வாயை திறந்து மாட்டிக்கறான்.

லேப் ரிப்போர்ட்டையும் அப்படியே ஏத்துக்காதீங்க. அதை எழுதினவர் கோர்ட்டுக்கு வந்து குறுக்கு விசாரணைக்கு நிக்கணும்னு 2009ல இருந்து தீர்ப்பு இருக்கு, மாசசூசெட்ஸ்ல ஒரு லேப் கெமிஸ்ட் பண்ண மோசடியால 2017ல 21,000க்கு மேல டிரக் கேஸ் தள்ளுபடி ஆச்சு. கஞ்சாவுல இன்னொரு சிக்கல், 2018ல வந்த ஃபார்ம் பில்ங்கற விவசாய சட்டம், போதை ஏத்தற டிஎச்சி ரொம்ப கம்மியா இருக்கற ஹெம்ப் செடியை தனியா பிரிச்சதுக்கு அப்புறம் இலையை பாத்து மட்டும் கஞ்சான்னு சொல்ல முடியாது, டிஎச்சி எவ்ளோன்னு அளக்கணும். அதே நேரம் டெக்ஸாஸ்ல வேப் கார்ட்ரிட்ஜ், கம்மி மிட்டாய் (gummy) மாதிரி டிஎச்சி சமாச்சாரம் ஒரு கிராமுக்குள்ள இருந்தா கூட ஃபெலனி, அதாவது பெரிய குற்றம். எடை போடறப்ப அந்த மிட்டாயோட சர்க்கரையும் சேர்ந்துதான் எடைக்கு போகும். பக்கத்து ஸ்டேட்ல கடையில பில்லோட வாங்கினதாச்சேன்னு கேக்கறவங்களுக்கு சொல்றேன், ஃபெடரல் சட்டத்துல அது இன்னும் குற்றம், இமிக்ரேஷன் ஃபெடரல். ஏர்போர்ட்ல ஆபீசர் கேட்டு "ஒரு தடவை ட்ரை பண்ணேன்"னு முறைப்படி ஒத்துக்கிட்டா கேஸே இல்லாம கூட உள்ள விடாம இருக்கலாம்.

ட்ரையல்ல தோத்தா சிட்டிசனுக்கு தண்டனை அதிகமாகும், அதனால அவர் பயப்படறது நியாயம். நமக்கு? பிளீ சொன்னாலும் டிப்போர்ட், தோத்தாலும் டிப்போர்ட்னா, ஜெயிக்க பத்துல ஒரு வாய்ப்பு இருந்தா கூட அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. இதை சுப்ரீம் கோர்ட்டே ஏத்துக்கிச்சு. கொரியாவுல இருந்து 13 வயசுல 1982ல வந்து மெம்ஃபிஸ்ல ரெஸ்டாரன்ட் நடத்தின ஜே லீ, எக்ஸ்டசி விக்க வச்சிருந்ததா கேஸ், டிப்போர்ட் ஆக மாட்டேன்னு வக்கீல் சொன்னதை நம்பி ஒத்துக்கிட்டாரு, தண்டனை ஒரு வருஷமும் ஒரு நாளும். அது கண்டிப்பா டிப்போர்ட் ஆகற வகைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆதாரம் அவருக்கு எதிரா பலமாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் உண்மை தெரிஞ்சிருந்தா இந்த ஆள் ட்ரையலுக்கு போயிருப்பார்ங்கறது நியாயம்தான்னு 2017ல அவர் பக்கம் தீர்ப்பு வந்துச்சு. அதுக்காக எல்லாரும் ட்ரையலுக்கு போங்கன்னு சொல்லல. பிளீ இல்லாத டைவர்ஷனோ, போதைப்பொருள் இல்லாத குற்றமோ கைக்கு வந்தா அதை விட்டுட்டு ஜூரி முன்னாடி நிக்கறது சூதாட்டம். ரெண்டுமே வரலன்னா மட்டும் சண்டை, அப்ப முழு மனசோட சண்டை. விக்கற மாதிரி சார்ஜ் இருந்தா முதல் வேலையா அதை வெறும் கைவசம்ங்கற அளவுக்கு இறக்கப் பாருங்க, வித்த கேஸ் பெரும்பாலும் அக்ரவேட்டட் ஃபெலனி (இமிக்ரேஷன் சட்டத்துல ரொம்ப கடுமையான வகை) ஆயிடும், அப்ப கிரீன் கார்டு வச்சிருக்கறவர் கூட இமிக்ரேஷன் ஜட்ஜ்கிட்ட கருணை கேக்க வழி இல்ல. வெறும் கைவசம் கேஸ்னா, கிரீன் கார்டு வாங்கி அஞ்சு வருஷம், சட்டப்படி உள்ள வந்து குற்றம் நடக்கறதுக்கு முன்னாடி ஏழு வருஷம் ஆகியிருந்தா டிப்போர்ட்டேஷனை ரத்து பண்ண கேக்கற உரிமையாவது மிச்சம் இருக்கும்.

ஸ்டேட்டஸை பொறுத்தும் முடிவு மாறும். 30 கிராம் கஞ்சா விலக்கு டிப்போர்ட்டுக்கு மட்டும்தான், வெளிநாடு போயிட்டு திரும்ப வர்றப்ப அது காப்பாத்தாது, இமிக்ரேஷன்கிட்ட தனியா வெய்வர்ங்கற விலக்கு மனு போடணும், அதனால கிரீன் கார்டுகாரர் அந்த கேஸோட ஊருக்கு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி வக்கீலை பாக்கணும். எச்1பி, எஃப்1 ஆளுங்களுக்கு கைது செய்தி போனாலே தூதரகம் விசா ஸ்டாம்பை ரத்து பண்ணலாம். 2025 ஏப்ரல்ல ஆயிரக்கணக்கான ஸ்டூடண்ட்களோட செவிஸ் (வெளிநாட்டு ஸ்டூடண்ட்களை அரசு கண்காணிக்கற சிஸ்டம்) ரெக்கார்டை போலீஸ் ரெக்கார்டுல பேர் இருந்துச்சுன்னு சொல்லி மூடினாங்க, கேஸ் தள்ளுபடி ஆனவங்க கூட அதுல இருந்தாங்க, கோர்ட்டுக்கு போன அப்புறம்தான் திரும்ப திறந்தாங்க. அதனால தள்ளுபடி ஆன கேஸா இருந்தாலும் சர்ட்டிஃபைடு காப்பி வாங்கி பத்திரமா வச்சுக்கோங்க.

வக்கீல் விஷயத்துல ஒண்ணு சொல்லணும். 2010ல பாடில்லா கேஸ்ல, 40 வருஷத்துக்கு மேல கிரீன் கார்டுல இருந்து வியட்நாம் போர்ல அமெரிக்காவுக்காக சண்டை போட்ட ஒரு மனுஷன்கிட்ட, இவ்ளோ வருஷமா இருக்கீங்க கவலைப்படாதீங்கன்னு வக்கீல் சொன்னாரு, அது தப்பு. இமிக்ரேஷன் பாதிப்பை சரியா சொல்றது கிரிமினல் வக்கீலோட கடமைன்னு சுப்ரீம் கோர்ட் அப்பதான் சொல்லுச்சு. காசு குடுத்து வைக்கற வக்கீல்தான் நல்லவர்னு நினைக்காதீங்க, பல பப்ளிக் டிஃபெண்டர் (அரசு செலவுல குடுக்கற கிரிமினல் வக்கீல்) ஆபீஸ்ல இதுக்குன்னே இமிக்ரேஷன் தெரிஞ்ச ஆள் இருக்காங்க, தனியா ஆஃபீஸ் வச்சிருக்கற கிரிமினல் வக்கீலுக்கு அது தெரியாமலும் இருக்கலாம். யாரா இருந்தாலும் "இந்த பிளீயால எனக்கு என்ன ஆகும்"னு ஈமெயில்ல கேளுங்க, எழுத்துல பதில் வாங்குங்க, அது வராம கையெழுத்து போடாதீங்க. இமிக்ரேஷன் கோர்ட்ல அரசு செலவுல வக்கீல் கிடையாது, அதனால காசை இந்த கட்டத்துலயே செலவு பண்றதுதான் புத்திசாலித்தனம். ஜாமீன் கட்டறதுக்கு முன்னாடியும் ஐஸ் (இமிக்ரேஷன் அமலாக்க போலீஸ்) டிடெய்னர், அதாவது இவரை எங்ககிட்ட ஒப்படைங்கன்னு ஜெயிலுக்கு அனுப்பற கோரிக்கை, போட்டிருக்காங்களான்னு கேளுங்க, போட்டிருந்தா காசு கட்டி வெளிய வந்த உடனே அப்படியே அவங்க கையில போயிடலாம்.

ஏற்கனவே ஒத்துக்கிட்டு முடிச்சவங்களுக்கு அஞ்சாவது வழி ஒண்ணு இருக்கு, பழைய பிளீயை ரத்து பண்ண கேக்கறது. வாழ்க்கையை திருத்திக்கிட்டேன்னு சொல்லி ரத்து வாங்கினா இமிக்ரேஷன் ஏத்துக்காது. வக்கீல் தப்பா சொன்னாரு, பாதிப்பு எனக்கு புரிய வைக்கப்படலன்னு அந்த கேஸ்லயே சட்டக்குறை காட்டி ரத்து வாங்கினாத்தான் செல்லும், 2003ல வந்த முடிவு அது. கலிஃபோர்னியாவுல தண்டனை எல்லாம் முடிஞ்சவங்களும் இப்படி கேக்க 2017ல இருந்து தனிச் சட்டம் இருக்கு. பாடில்லா தீர்ப்புக்கு முன்னாடியே முடிஞ்சு போன கேஸுக்கு அந்த தீர்ப்பை காட்டி கேக்க முடியாதுன்னு 2013ல சொல்லிட்டாங்க, அப்படிப்பட்டவங்க ஸ்டேட் சட்டத்துல வேற வழி இருக்கான்னு பாக்கணும். இது தெரியாம பல வருஷத்துக்கு முந்தின கேஸ்தானேன்னு கிரீன் கார்டு ரின்யூவலுக்கோ சிட்டிசன்ஷிப்புக்கோ அப்ளை பண்ணிட்டு கைரேகை குடுக்கறப்ப எல்லாம் வெளிய வந்து நோட்டீஸ் வாங்கினவங்க இருக்காங்க. பழைய கேஸ் இருந்தா முதல்ல கோர்ட் கிளர்க்கிட்ட போய் பிளீ ஃபார்ம், தீர்ப்பு பேப்பர், சார்ஜ் ஷீட் மூணையும் வாங்குங்க, கிரிமினல், இமிக்ரேஷன் ரெண்டு பக்கமும் தெரிஞ்ச வக்கீல்கிட்ட அதை காட்டுங்க, அப்ளிகேஷன் ஃபார்மை அதுக்கு அப்புறம் திறந்தா போதும்.